கறுப்பு ஒயரில் இரண்டு முடிச்சு

போன வாரம் நீங்கள், பழைய எலக்ட்ரீஷியன் என்று என்னை உங்கள் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, காப்பி கொடுத்து, சுற்றிக் காட்டினீர்கள். மாலை வேண்டாத வேலை. காப்பி நன்றாக இருந்தது. அப்போது உங்களில் ஒரு தங்கச்சி கம்ப்யூட்டர் திரையில் ஒரு வண்டியின் ஒயரிங் டயகிராமை விரித்துக் காட்டினாள். ஒரு கோட்டைத் தொட்டால் அந்தக் கோடு மட்டும் பளிச்சென்று தெரிகிறது. எங்கே புறப்படுகிறது, எந்த ஃப்யூஸ் வழியாகப் போகிறது, எங்கே போய் முடிகிறது, எல்லாம் வருகிறது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "இது இருக்கறப்போ தப்பு வரவே வராதுங்க சார்" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. கிட்டத்தட்ட அதே வார்த்தையை, அதே சிரிப்போடு, நானும் ஒருமுறை சொன்னவன். அங்கே எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பிகளா, தங்கச்சிகளா, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கிழவன் புலம்புகிறான் என்று பாதியில் வைத்தீர்கள் என்றால் எனக்குக் கோபம் வரும்.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் அப்போது இத்தனை தொழிற்சாலை ஏது? பெங்களூர் ரோட்டில் போகிற லாரியும், நாலைந்து பஸ் கம்பெனியும், அவற்றை ரிப்பேர் பார்க்கும் ஷெட்டுகளும்தான். நான் அப்படி ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட்டில் எலக்ட்ரீஷியன். மொத்தம் பதினோரு வண்டி. எலக்ட்ரீஷியன் இரண்டு பேர். ஒருவன் நான், அந்தோணி, கிருஷ்ணகிரிக்காரன். இரண்டு வருஷம் எலக்ட்ரிகல் படித்து சர்டிபிகேட் வாங்கியவன். இன்னொருவன் நஞ்சுண்டன். வீட்டில் கன்னடம், ஷெட்டில் தமிழ், டிரைவர்களோடு தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் வாயாடுவான். எழுதப் படிக்க மட்டும் ஒரு பாஷையிலும் தெரியாது. சம்பளம் வாங்கப் பெருவிரலைத்தான் உருட்டுவான். என்னைவிட மூன்று மாதம் பெரியவன், ஆனாலும் சர்டிபிகேட்டுக்கு மரியாதை கொடுத்து என்னை 'அண்ணா' என்பான். நானும் வெட்கமில்லாமல் அந்த அண்ணாவை வாங்கிக்கொண்டேன்.

வண்டிகளின் சேசிஸோடு வந்த மேனுவல் புத்தகங்கள் மேனேஜர் அறையில் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. நான் வருகிறவரை அவற்றை யாரும் தொட்டதில்லை. அதில் ஒயரிங் டயகிராம் மடித்து வைத்திருக்கும். விரித்தால் மேஜை நிறையும். அந்தக் காலத்து அச்சில் எல்லாக் கோடும் கறுப்புதான். ஒயரின் நிறம் கோட்டின் ஓரத்தில் ஓர் ஆங்கில எழுத்தாக இருக்கும். பி என்றால் கறுப்பு, ஜி என்றால் பச்சை, என் என்றால் பழுப்பு. அந்த எழுத்துகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கறுப்பு என்றால் எர்த், அதாவது வண்டியின் இரும்போடு சேர வேண்டிய ஒயர். பச்சை என்றால் ஃப்யூஸ் வழியாக வருகிற கரண்ட், வைப்பருக்கும் ஹாரனுக்கும் போவது.

நஞ்சுண்டனுக்கு இதெல்லாம் கிடையாது. ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயரைக் கோத்த டெஸ்ட் லேம்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவான். நான் பத்து நிமிஷத்தில் டயகிராமில் கண்டுபிடிப்பதை அவன் ஒரு மணி நேரம் தேடுவான். "என்னப்பா, பிள்ளையார் சுழியிலேர்ந்து ஆரம்பிக்கிறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பேன். ஷெட்டே சிரிக்கும். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவன் பக்திமான். வெள்ளிக்கிழமை தவறாமல் மலைக்கோயிலுக்குப் போய்விட்டு வந்து, எல்லா வண்டிக்கும் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவான். ஸ்டியரிங்கில் கயிறு கட்டுவான். டேஷ்போர்டுக்குக் கீழே, ஒயர் கட்டுக்குள்ளேகூட, அங்கங்கே சிவப்பு நூலும் மஞ்சள் நூலும் கட்டியிருக்கும். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். இதெல்லாம் இவன் சாமி மந்திரித்த நூல், கண்ணேறு படாமல் இருக்கக் கட்டியிருக்கிறான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவனிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு நஞ்சுண்டன் தங்கை கல்யாணத்துக்காக இரண்டு வாரம் லீவு எடுத்தான். கிளம்புகிற அன்று துணிப்பையோடு என்னிடம் வந்தான்.

"அண்ணா, ராயக்கோட்டை வண்டியில டேஷ்போர்டுக்குக் கீழ நூலு கட்டியிருக்கேன். அது என்னான்னா..."

"யப்பா சாமி, உன் பூசை சமாச்சாரமெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றேன். "போய்த் தங்கச்சி கல்யாணத்த நல்லபடியா முடிச்சிட்டு வா."

அவன் துணிப்பையைத் தோளில் மாட்டினான். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு "சரிண்ணா" என்று போய்விட்டான். படிப்பில்லாதவன் தன் வழியைப் படித்தவனிடம் விளக்கக் கூச்சப்பட்டிருக்கிறான். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அவன் போன பத்தாம் நாள் ராயக்கோட்டை வண்டியின் டிரைவர் திம்மராயன் என்னிடம் வந்தார். தெலுங்குக்காரர், ஐம்பது வயது, இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். "அந்தோணி, மேடு பள்ளத்துல எறங்கனா லைட்டு மினுக்கு மினுக்குங்குது. சாயங்காலம் ஓட்ட முடியல. கொஞ்சம் பாரப்பா" என்றார். அடுத்த வாரம் அந்த வண்டிக்கு எஃப்.சி. வேறு இருந்தது. அதாவது, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதானா என்று அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும் நாள். சுத்தமாக இருக்க வேண்டும்.

டயகிராமை விரித்தேன். லைட் மினுக்கினால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துப் பார்த்தால், ஒயர் கட்டு முழுக்க எண்ணெயும் தூசியும் பிடித்த நூல். ஐந்தாறு இடத்தில். இன்ஸ்பெக்டர் இதைப் பார்த்தால் சிரிப்பார் என்று பிளேடால் எல்லாவற்றையும் அறுத்து, கழிவு எண்ணெய்க் குழியில் எறிந்தேன். அறுக்கும்போது ஒரு நூலில் இரண்டு முடிச்சு இருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை.

அந்த இரண்டு முடிச்சு நூல் கட்டியிருந்தது இடது பக்கம் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு ஒயரில். நுனியில் துணி சுற்றியிருந்தது. ஆகா, கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளினேன். கறுப்பு என்றால் எர்த். எர்த் ஒயர் அந்தரத்தில் தொங்குகிறது, அதனால்தான் லைட் மினுக்குகிறது! துணியைப் பிரித்து, நுனியைச் சுரண்டி, வண்டியின் இரும்பில் ஒரு போல்ட்டில் வைத்து இறுக்கினேன். பொறி ஏதும் வரவில்லை. பக்கத்திலே இருந்த பழைய எர்த் போல்ட்டும் லூசாக இருந்தது, அதையும் கழற்றித் துருவைச் சுரண்டி முறுக்கினேன். லைட்டைப் போட்டால் ஜெகஜோதியாக எரிந்தது. சரியாக்கியது அந்தப் பழைய போல்ட்டுதான். நான் புதிதாக வைத்த ஒயருக்கும் லைட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது எனக்குத் தெரியாது.

"படிச்ச கையி படிச்ச கையிதாம்பா" என்று திம்மராயன் முதுகில் தட்டினார்.

"டிராயிங் இருக்கறப்போ தப்பு வராது திம்மண்ணா" என்றேன்.

எஃப்.சி.க்குப் போகிற வண்டி என்றால் டேஷ்போர்டில் இருக்கிற எல்லா சுவிட்சையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். லைட்டைப் போட்டேன். ஹாரன் அடித்தேன். வைப்பர் சுவிட்சை மட்டும் போடவில்லை. இடது பக்க வைப்பர் மோட்டார் ரிப்பேருக்குக் கழற்றிப் போயிருந்தது. வலது பக்கம் ஓடும் என்று தெரியும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த வெயிலில் வைப்பர் என்ன கேடு என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு அந்த சுவிட்சை ஒரு தடவை திருகியிருந்தால் புகை என் மூக்குக்குக் கீழேயே வந்திருக்கும். பக்கத்தில் தண்ணீர் வாளி, மணல், நாலு ஆள், எல்லாம் இருந்தது.

அதற்கு நாலாம் நாள் மத்தியானம், திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. இரண்டரை மணி இருக்கும். ராயக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு லாரி ஷெட் வாசலில் நின்றது. டிரைவர் இறங்கக்கூட இல்லை. ஜன்னலிலிருந்தே கத்தினான்.

"உத்தனப்பள்ளி தாண்டி உங்க பஸ்ஸு எரியுதுங்க! சனங்கெல்லாம் வயக்காட்டுல நிக்கறாங்க!"

மேனேஜரும் நானும் ஒரு மெக்கானிக்கும் ஜீப்பில் ஏறினோம். வழியெல்லாம் நான் 'மாதாவே மாதாவே' என்று சொல்லிக்கொண்டே போனேன். எஞ்சினில் டீசல் ஒழுகியிருக்கும், பீடி நெருப்பாக இருக்கும் என்று மனம் ஒவ்வொன்றாகத் தேடியது. என் வேலையாக இருக்கும் என்று ஒரு நொடியும் தோன்றவில்லை. அவ்வளவு திமிர்.

மழையில் நெருப்பு அணைந்துவிட்டிருந்தது. பஸ்ஸின் முன்பக்கம் கருகிப்போய், கண்ணாடி தெறித்து, புகைந்துகொண்டு நின்றது. ரோடெல்லாம் ராகி மூட்டை, கூடை, ஒற்றைச் செருப்புகள். முப்பது பேருக்கு மேல் நனைந்தபடி வேலியோரம் நின்றார்கள். ஒருத்தர்கூடச் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஜன்னல் வழியாகக் குதித்த ஒரு சின்ன வயசுப் பெண்ணுக்குத் தோள் எலும்பு முறிந்து, இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் இறக்கிவிட்டது திம்மராயன்தான். பின் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்திவிட்டு, எரிகிற ஒயர்களை வெறுங்கையால் பிடித்துப் பிடுங்கியிருக்கிறார். உருகிய ஒயர்த் தோல் இரண்டு உள்ளங்கையிலும் ஒட்டிக்கொண்டு, அவரைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள்.

"மழ வந்துச்சுங்க, டிரைவரு எதையோ திருகனாரு. ஒடனே கீழருந்து பொக" என்றார் முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர். "மறுபடி திருகி நிறுத்தப் பாத்தாரு. நிக்கல."

நான் டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்தேன். எல்லாம் கரி. ஆனால் நான் வைத்த போல்ட் அப்படியே இருந்தது. அதன் கீழே என் ஒயர் நுனி. அங்கிருந்து வைப்பர் சுவிட்ச் வரைக்கும், சுவிட்சிலிருந்து பேட்டரி கரண்ட் வந்து சேரும் அம்மீட்டர் வரைக்கும், தோல் முழுக்க எரிந்துபோய்ச் செம்பு மட்டும் கம்பியாக நின்றது. நடுவில் ஃப்யூஸ் இல்லை. டயகிராமில் இருந்த ஃப்யூஸ் அந்த வண்டியில் இல்லை. அது எர்த் ஒயரே இல்லை. கழற்றிப்போன இடது வைப்பருக்கு கரண்ட் கொண்டுபோகிற ஒயர். அதை நான் இரும்போடு சேர்த்து முறுக்கிவைத்திருக்கிறேன். வெயில் அடித்த மூன்று நாளும் சும்மா இருந்தது. மழை வந்து, டிரைவர் சுவிட்சைப் போட்டதும் பேட்டரியின் மொத்தக் கரண்டும் அதில் பாய்ந்து, பக்கத்து ஒயரையெல்லாம் சேர்த்து உருக்கிவிட்டது.

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னப்பா, எதனால?" என்று மேனேஜர் கேட்டார்.

"பாக்கணும் சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் காலை மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. முதலாளிக்கும் போலீசுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். "மத்தியானம் போலீஸ் இன்ஸ்பெக்டர் வர்றாரு. யாராவது ஒருத்தர் பேரு வேணும்ப்பா. நீ படிச்சவன், டிராயிங்கப் பாத்து எழுதிக் குடு, எங்க தப்புன்னு" என்றார்.

எனக்குக் கல்யாணம் ஆகி நாலு மாதம். வேலை போனால் வேறு கதியில்லை. பேனாவை எடுத்தேன். சேசிஸ் கம்பெனி டயகிராம்படி கறுப்பு ஒயர் என்பது எர்த் ஒயர். இந்த வண்டியில் முன்பு வேலை பார்த்தவர் டயகிராமுக்கு மாறாக வைப்பருக்குக் கறுப்பு ஒயர் போட்டு, ஃப்யூஸ் இல்லாமல் நேராக அம்மீட்டரிலிருந்து எடுத்திருக்கிறார். தீ பிடித்ததற்கு அது காரணம். இப்படி எழுதினேன். நன்றாகக் கவனியுங்கள், அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கோர்ட்டில் வைத்தாலும் டயகிராம் என் பக்கம் நிற்கும். எழுதி முடித்ததும் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது, தப்பு அவன்மேல்தானோ என்று. மனுஷப் புத்தி இருக்கிறதே!

பத்து மணிக்கு நஞ்சுண்டன் லீவு முடிந்து வந்தான். கையில் கல்யாணப் பலகாரப் பொட்டலம். மணிக்கட்டில் மஞ்சள் காய்ந்திருந்தது. வாசலிலேயே பஸ் எரிந்த விஷயத்தை யாரோ சொல்லிவிட்டார்கள். முகம் வெளுத்துப்போய் உள்ளே வந்தான். மேனேஜர் ஸ்டாம்பு மை டப்பாவைத் திறந்துவைத்து, "நஞ்சுண்டா, இதுல ஒரு கைநாட்டு வையி. அந்தோணி, என்ன எழுதியிருக்குதுன்னு அவனுக்குப் படிச்சுக் காட்டிடு. நாளைக்கு எனக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூடாது" என்றார்.

படித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

"ஆமா சார். கறுப்பு ஒயரு நான் போட்டதுதான். போன மழையில வண்டி வழியில நின்னுபோச்சு. ஃப்யூஸ் பாக்சு ஒடஞ்சிருந்துச்சு, ஸ்டோர்ல பச்ச ஒயரு இல்ல" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணா, நூலு கட்டியிருந்தனே. அது எழுதியிருக்கா?"

"என்ன நூலு?" என்றார் மேனேஜர்.

"எனக்கு எழுத வராதுங்களே சார். அதனால, டிராயிங்குல இல்லாத மாதிரி எந்த ஒயராச்சும் மாத்திப் போட்டா நூலு கட்டிவெப்பேன். ஒரு முடிச்சுன்னா கலர நம்பாத. ரெண்டு முடிச்சுன்னா இதுல கரண்டு வரும், ஃப்யூஸ் இல்ல, தொடாத. அந்த ஒயருக்கு ரெண்டு முடிச்சு போட்டேன். நெஜமா போட்டேன் சார், எங்கம்மா மேல சத்தியமா. லீவுக்குப் போறப்போ அண்ணங்கிட்ட சொல்ல வந்தேன்..."

என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டான். மை தடவிய பெருவிரலைக் காகிதத்தின் மேல் பிடித்துக்கொண்டு, "நூலு அவுந்து விழுந்திருக்கும்போல" என்று தனக்குத்தானே முனகினான். எனக்குத் தலையில் இடி விழுந்தது. நான் குப்பையென்று அறுத்தெறிந்தது ஒரு டயகிராம். அந்த வண்டிக்கு இருந்த ஒரே உண்மையான டயகிராம். புத்தகத்தில் இருந்தது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய அன்றைய வண்டி. ஷெட்டில் நின்றது ஏழு வருஷம் ரோட்டில் அடிபட்ட வண்டி.

"அவுந்து விழல. நான்தான் அறுத்தேன்" என்றேன். அவன் விரலைப் பிடித்து விலக்கினேன். காகிதத்தில் பாதி ரேகை விழுந்துவிட்டது. "அவன் சொல்ல வந்தான் சார், நான் கேக்கல. முடிச்சக் கண்ணால பாத்தேன், அப்பவும் கேக்கல. எர்த்துன்னு முறுக்கினதும் நான்தான். வைப்பரப் போட்டுப் பாக்காததும் நான்தான்."

நஞ்சுண்டன் என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். அவன் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டான். "ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனேண்ணா. ஒரே ஒரு வார்த்த!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவன் என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

மேனேஜர் காகிதத்தைக் கிழித்தார். வேறு காகிதத்தில் நான் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் வந்தார், படித்தார், நிறையக் கேட்டார். ஃப்யூஸ் இல்லாமல் வண்டியை ஓடவிட்டதற்குக் கம்பெனிக்கும் சரியான டோஸ் விழுந்தது. அன்று சாயங்காலமே என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான். ஒரு வருஷம் குருபரப்பள்ளியில் ரோட்டோர லாரி ஷெட்டில் வேலை பார்த்தேன். பிறகு தொழிற்சாலைகள் வந்தன. மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

பாடம் என்று ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. டயகிராமைப் படியுங்கள். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. டெஸ்ட் லேம்பை மட்டும் வைத்துக்கொண்டு குருட்டாம்போக்கில் தடவுவதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் கோட்டைப் படித்ததும் வண்டிக்கு அடியில் போய், அந்தக் கோடு அங்கே இருக்கிறதா என்று ஒவ்வோர் அடியாகத் தொட்டுப் பாருங்கள். நிறத்தை நம்பி எந்த ஒயரையும் எங்கேயும் சேர்க்காதீர்கள். அதில் கரண்ட் வருகிறதா, எல்லா சுவிட்சையும் போட்டு ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை, சோதித்த பிறகு ஸ்பேனரை எடுங்கள். வண்டியில் உங்களுக்குப் புரியாத எதையாவது யாராவது ஒட்டியோ கட்டியோ கிறுக்கியோ வைத்திருந்தால், வைத்தவனைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். அவன் லீவில் இருந்தால் வண்டி நிற்கட்டும். மேனேஜர் கத்தட்டும். வெயில் காலத்திலும் வைப்பரைப் போட்டுப் பாருங்கள்.

என் வேலை போன அடுத்த நாள் காலை நஞ்சுண்டனும் நானும் திம்மராயனைப் பார்க்கக் கிருஷ்ணகிரிக்குப் போனோம். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். வழி முழுக்க அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்குகிற இடம் வந்ததும் என் தோளைத் தொட்டு, "வா" என்றான். அண்ணா இல்லை. அதற்குப் பிறகு எப்போதும் இல்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

திம்மராயன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. அவர் மனைவி கிண்ணத்தில் கஞ்சியை வைத்துக்கொண்டு, ஸ்பூனால் வாயில் ஊட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். திம்மராயன் வாயைத் திறக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்மேல் கோபம், விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். நிற்க முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, கறுப்பு ஒயர், போல்ட், நூல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அடிக்கட்டும், துப்பட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன்.

"அப்போ... நான் இல்லியா?"

எனக்குப் புரியவில்லை.

"மோட்டாரு கழட்டன வண்டியில வைப்பரு சுவிட்சப் போட்டதுதான் தப்புன்னு இருந்தம்ப்பா. இருபது வருசம் ஓட்டனவனுக்கு இதுகூடத் தெரியலையேன்னு. என் கையாலதான கொளுத்தனேன்னு. அந்தப் பொண்ணு குதிச்சுது பாரு, அது கத்தனது இன்னும் காதுலயே..." கட்டுப் போட்ட கைகளைத் தூக்கி முகத்தைத் துடைக்கப் பார்த்தார். முடியவில்லை. மனைவியிடம் தெலுங்கில், நான் இல்லையாம், நான் இல்லையாம் என்று இரண்டு முறை சொன்னார். என்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

அந்தம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"அன்னைக்கே. ரோட்டுலயே தெரிஞ்சுதுங்கம்மா."

"மூணு நாளா இந்த மனுசன் ஒரு பருக்க உள்ள எறக்கல. கை எரியுதுன்னு ஒரு வாட்டி சொல்லல. நான் கொளுத்திட்டேன், நான் கொளுத்திட்டேன்னு சுவரப் பாத்தே கெடந்தாரு" என்றார். சத்தம்கூட உயரவில்லை. "அன்னைக்கே வந்து சொல்றதுக்கு ஒனக்கு என்னா கேடு?"

நஞ்சுண்டன் என்னைப் பார்த்தான். நான் இன்றுவரை அந்தம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை.